எலுமிச்சம்பழம் வைக்காத கொண்டக்டர்

1. முதல் நாள்

அருள்தாஸ் என் பஸ்ஸில் கொண்டக்டராக ஏறிய முதல் நாளே பஸ் பிந்திவிட்டது. அன்றைக்கு மழையும் இல்லை, டயரில் காற்றும் போகவில்லை. ஓர் எலுமிச்சம்பழத்தால் வந்த பிந்தல் அது.

நமுனுகுலயிலிருந்து பசறை வழியாகப் பதுளைக்கு ஓடும் தனியார் பஸ். அதில் நான் பல வருடம் ட்ரைவராக இருந்தேன். காலையில் முதல் ட்ரிப் எடுப்பதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன் கண்ணாடிக்கு மேலே இருக்கும் முனியாண்டி படத்துக்குக் கற்பூரம் காட்டுவோம். முன் டயர் இரண்டுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டுதான் வண்டி நகரும். கற்பூரம் நான் காட்டுவேன். அதன்பின் நான் சீட்டில் உட்கார்ந்து எஞ்சினை எழுப்பிவிடுவதால் பழம் வைப்பது கொண்டக்டர் வேலை. எனக்கு முன்னால் இருந்த ட்ரைவர் காலத்திலும் அப்படித்தான் நடந்தது.

அருளுக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவுக்காரன். கல்யாணமானவன், இரண்டு பிள்ளைகள். பழைய பெயர் அருணாசலம். நாலைந்து வருடத்துக்கு முன்னால் பிரிவில் இருக்கும் ஜெப வீட்டில் சேர்ந்து ஞானஸ்நானம் எடுத்து அருள்தாஸ் ஆனவன். அது எனக்குத் தெரியும். ஆனால் பஸ் வேலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசிக்கவில்லை.

பழங்களை நீட்டினேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அண்ணே, பஸ்ஸக் கழுவச் சொல்லுங்க, கழுவுறேன். டயர் மாத்தச் சொல்லுங்க, மாத்துறேன். இத மட்டும் சொல்லாதீங்க."

"சும்மா டயருக்குக் கீழ வைக்கிறதுதானப்பா. நீ கும்பிடவா போற?"

"சும்மான்னா நீங்க ஏன்ணே தெனம் வைக்கிறீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி நானே வைத்தேன். ஏறி உட்கார்ந்தால் இடது பக்கப் பழம் உருண்டு ஓடிவிட்டதென்று பஸ்ஸில் இருந்த கொழுந்து பறிக்கும் பெண்கள் கத்தினார்கள். மறுபடி இறங்கினேன். பழத்தைத் தேடி எடுத்து வைத்துவிட்டு ஏறுவதற்குள் பஸ்கள் புறப்படும் நேரத்தைப் பார்க்கும் டைம் கீப்பர் ஓடி வந்து, பின்னால் நிற்கும் அடுத்த பஸ்ஸைக் காட்டி, எனக்குத் தெரிந்த இரண்டு பாஷையிலும் ஏசினார். பசறை போய்ச் சேரும்வரை நானும் அருளும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பெல் அடிப்பான், நான் நிறுத்துவேன். மறுபடி அடிப்பான், நான் எடுப்பேன்.

அன்றைக்கு முழுக்க நான் அவனிடம் ஒரு குறை தேடினேன். டிக்கட் சரியாகக் கொடுத்தான். மிச்சச் சில்லறை மறக்கவில்லை. வயதானவர்களைக் கைபிடித்து ஏற்றினான். ஃபுட்போர்டில் தொங்கியவர்களைத்தான் கொஞ்சம் கடுமையாக ஏசினான். அதைக் குறை என்று எந்த ட்ரைவரும் சொல்ல மாட்டான்.

2. முதலாளியிடம் போன புகார்

அடுத்த சில வாரங்கள் பஸ்ஸுக்குள் ஒரு சின்ன யுத்தம் நடந்தது. நான் காலையில் முருகன் பாட்டுப் போடுவேன். பஸ் நிற்கும் ஹோல்ட் இரண்டு தாண்டியதும் அருள் முன்னால் வந்து, "சத்தம் கூடிப்போச்சு அண்ணே, பெல்லு கேக்காது" என்று குறைப்பான். ஒரு நாள் பின் கதவுக்கு மேலே வேத வசனம் எழுதிய ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. நான் மறுநாளே முனியாண்டி படத்துக்குப் பெரிய மாலையாக வாங்கிப் போட்டேன். மாலை பெரிதாகிப் போய் வலது பக்கக் கண்ணாடியை மறைத்தது. அதை நானே வெட்டிச் சின்னதாக்க வேண்டியிருந்தது.

பாட்டு விஷயத்தில் கடைசியில் தோற்றது நாங்கள் இரண்டு பேரும்தான். சண்டை வேண்டாமென்று ரேடியோவில் செய்தி போட்டோம். விலை ஏறின செய்தியைக் காலங்காத்தால கேட்டுக்கொண்டு போக முடியாதென்று சொல்லிப் பெண்கள் சினிமாப் பாட்டுப் போட வைத்துவிட்டார்கள்.

ஆனால் பழம் தினமும் பிரச்சினைதான். பஸ் தினமும் பிந்தியது. பஸ் முதலாளிக்குப் பதுளை டவுனில் ஹார்ட்வேர் கடை. எல்லோரும் அவரை ஹாஜியார் என்போம். டைம் கீப்பர் அவருக்கு ஃபோன் போட்டுச் சொல்ல, அவர் எங்கள் இருவரையும் கடைக்கு வரச் சொன்னார்.

நான் என் பக்கத்தைச் சொன்னேன். அருள் அவன் பக்கத்தைச் சொன்னான். ஹாஜியார் ஆணி நிறுத்துக்கொண்டே கேட்டார். எங்களில் யாராவது ஒருவர் ஜெயிக்கத்தான் வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். அநேகமாக அது நான்தான், ஏனென்றால் நான்தான் பழைய ஆள்.

"பஸ் யார்ட?" என்று கேட்டார்.

"உங்க பஸ்தான் முதலாளி."

"என்ட பஸ்ஸுல முன்னுக்கு ஒரு படம் ஈக்குது. பின்னுக்கு ஒரு ஸ்டிக்கர் ஈக்குது. வைக்கச் சொல்லி என்னட்ட ஒருத்தரும் கேக்கல்ல. நான் ஏதும் சொன்னனா?"

நாங்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம். அதுவரைக்கும் அந்த மனிதருக்கும் ஒரு மார்க்கம் இருக்கிறது, அது எங்கள் இருவருடையதும் இல்லை என்பது எங்கள் ஞாபகத்திலேயே இல்லை.

"கணேசன், நீங்க ஓட்டினா ஆளுகள் நம்பி ஏறுற. அருள் நின்டா காசு சரியா வார. எனக்கு ரெண்டு பேரும் வேணும். ஆனா பஸ் டைமுக்குப் போகோணும். அது மட்டுந்தான் என்ட கண்டிஷன். இந்த மாசம் முடியிறதுக்குள்ள சரிவராட்டி ரெண்டு பேரையும் மாத்துற. மத்தத நீங்களே பேசிக்கொள்ளுங்கொ."

என் வேலை போனால் எனக்கு வேறு பஸ் கிடைக்கும். அருளுக்குக் கிடைக்காது. தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்த ஆள், அங்கிருந்து விலகி வந்தவன், திரும்ப எடுக்க மாட்டார்கள். அவன் மனைவி கொழுந்து பறித்து வாங்கும் பெரட்டுச் சம்பளத்தை வைத்து நாலு பேர் சாப்பிட முடியாது. அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் திரும்பி வரும் வழியில், "நாளையிலேருந்து வைக்கிறேன் அண்ணே" என்று அவன் சொல்லவில்லை. அதைக் கவனித்தபோதுதான் முதல் தடவையாக எனக்கு அவன்மேல் ஒரு மரியாதை வந்தது. எரிச்சலும் கூடவே இருந்தது.

3. மரம் விழுந்த மத்தியானம்

அந்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் பசறையிலிருந்து வெறும் பஸ்ஸாக மேலே ஏறிக்கொண்டிருந்தோம். வழியில் ஒரு சவுக்கு மரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. மரம் வெட்ட ஆள் வரும்வரை நகர முடியாது. அருள் பக்கத்துக் கடையில் பிளேன்டீ வாங்கிக்கொண்டு வந்தான். ஆளுக்கு ஒரு சீட்டில் உட்கார்ந்தோம். கண்ணாடியெல்லாம் பனி மூடியிருந்தது.

அவனிடம் இதுவரை "ஏன் வைக்க மாட்டேங்கிற?" என்றுதான் நான் கேட்டிருந்தேன். அது கேள்வி மாதிரி இருக்குமே தவிர, உண்மையில் ஏச்சு. அன்றைக்கு வேறு வேலை இல்லாததால் வேறு விதமாகக் கேட்டேன்.

"நெசமாத்தான் கேக்குறேன் அருள். அந்தப் பழத்த வச்சா ஒனக்கு என்ன ஆகும்?"

அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"நான் குடிச்சுக்கிட்டுத் திரிஞ்சது ஒங்களுக்குத் தெரியுமே அண்ணே. மூத்தவ பொறந்தப்ப ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகல. லயத்துச் சாக்கடைக் கானுல கெடந்தேன். என்னையத் தூக்கி, குளிப்பாட்டி, சோறு போட்டு ஒக்கார வச்சது ஜெப வீட்டுக்காரங்க. அருணாசலம்ங்கிற ஆள அங்கேயே விட்டுட்டு வந்தேன். பழத்தக் கையில எடுத்தா, அவன் திரும்பி வந்துருவானோன்னு இருக்கு. ஒங்க சாமியக் கண்டு பயமில்ல அண்ணே. அவனக் கண்டுதான் பயம்."

வெறும் பழம், வெறும் வழக்கம் என்று நான் வாரக்கணக்கில் வாதாடியிருக்கிறேன். அவன் எந்த இடத்தில் நிற்கிறான் என்று தெரியாமலே வாதாடியிருக்கிறேன்.

பிறகு அவன் கேட்டான். "நீங்க சொல்லுங்க. வைக்காம ஓட்டினா ஒங்களுக்கு என்ன ஆகும்?"

நான் இதை யாருக்கும் சொன்னதில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முதலில் பெரிய வண்டி ஸ்டியரிங் பிடித்தவன் நான்தான். எனக்கு ஹெவி லைசன் கிடைத்தபோது அம்மா கொழுந்து மலையிலிருந்து கூடையோடு ஓடி வந்தார். முதல் நாள் வண்டியை நான் எடுத்தபோது லயமே வந்து ரோட்டில் நின்றது. இருந்தவர்கள் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வாங்கிக் கொடுத்ததுதான் அந்த முனியாண்டி படம். அன்றைக்கு டயருக்குப் பழம் வைத்தவர் என் அம்மா. அன்றைக்கு ரோட்டில் நின்றவர்களில் பாதிப் பேர் இன்றைக்கு உயிரோடு இல்லை.

"அதைச் செய்யாம வண்டி எடுத்தா, அவங்களையெல்லாம் ரோட்டுல எறக்கி விட்டுட்டுப் போற மாதிரி இருக்கும்பா. கை நடுங்கும்."

அருள் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அய்யோ, அப்ப வைக்காம ஓட்டாதீங்க அண்ணே. ஒங்க கை நடுங்கினா பின் கதவுல தொங்குறவன் நான்தானே."

நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். இத்தனை நாளில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

மரம் வெட்ட ஆள் வருவதற்குள் விஷயம் முடிந்துவிட்டது. நான் வழக்கத்தைவிடக் கொஞ்சம் முந்தி வருவேன், கற்பூரமும் பழமும் நானே பார்த்துக்கொள்வேன். அந்த நேரத்தில் அவன் டைம் கீப்பரிடம் போய்ப் புறப்படும் நேரத்தைத் துண்டில் குறித்து வாங்கிக்கொண்டு, ஆட்களை ஏற்றி முடிப்பான். அவன் பின் கதவில் நின்று கண்ணை மூடி ஜெபம் செய்தால் நான் ஹார்ன் அடிக்க மாட்டேன். பழம் உருளாமல் இருக்க நான் அதைப் பாதியாக வெட்டி வைக்கத் தொடங்கினேன். அந்த யோசனையும் அவனுடையதுதான். "பாதியா வெட்டினா உருளாதுல்ல அண்ணே. தொடாமலே சொல்றேன்" என்றான்.

மறுநாளிலிருந்து பஸ் நேரத்துக்குப் போனது.

4. பிரேக்

சில மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

பசறைச் சந்தைக்குப் போகும் கூட்டத்தோடு பஸ்ஸைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் முதல் சீட்டில் வீரமுத்து தலைவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர் அவர். பசறைப் பக்கத்தில் சம்பந்தி வீட்டு முனியாண்டி பூசைக்கு ஒரு சிவப்புச் சேவலைக் காலைக் கட்டி மடியில் வைத்திருந்தார். அது போன வாரம் தன்னை எப்படிக் கொத்தியது என்று எனக்குக் கதை சொல்லிக்கொண்டே வந்தார்.

இறக்கத்தில் ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். பிடிக்கவில்லை. மீட்டரைப் பார்த்தால் பிரேக்குக்குப் போகும் காற்றைக் காட்டும் ஏர் முள் இறங்கிக்கொண்டே போகிறது. எங்கேயோ ஹோஸ் கிழிந்திருக்கிறது என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் தேயிலைப் பள்ளம்.

கத்தினால் ஆட்கள் எழும்பிக் கதவுக்கு ஓடுவார்கள். மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்குத் தள்ளினேன், எஞ்சின் அலறியது. ஹேன்ட் பிரேக்கை இழுத்தேன். கண்ணாடியில் அருளைப் பார்த்து, "கட்ட" என்று மட்டும் சொன்னேன்.

அவனுக்கு அது போதும். "எல்லாரும் கம்பியப் புடிச்சு ஒக்காருங்க, ஒருத்தரும் எழும்ப வேணாம்" என்று சொல்லிக்கொண்டே சீட்டுக்கு அடியிலிருந்த மரக்கட்டைகள் இரண்டையும் எடுத்தான். வண்டி முதல் கியருக்கு வந்து ஊர்ந்துகொண்டிருந்தபோது குதித்தான். நான் வளைவில் ஸ்டியரிங்கை மலைப் பக்கம் ஒடித்து, இடது டயரை ரோட்டோரக் கானுக்குள் இறக்கி, பக்கவாட்டை மண் சரிவில் உரசவிட்டேன். அவன் பின் டயருக்கு ஒரு கட்டை போட்டான், அது தெறித்துப் போனது. இரண்டாவதை இரண்டு கையாலும் திணித்தான். அது பிடித்தது. பஸ் நின்றது.

யாருக்கும் அடி இல்லை. தக்காளிப் பை ஒன்று நசுங்கியிருந்தது. அருளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. நின்ற குலுக்கலில் சேவல் மட்டும் காலில் கட்டிய கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஜன்னல் வழியே பாய்ந்து தேயிலைக்குள் போய்விட்டது. தலைவர் இறங்கி, "பா, பா" என்று அதைக் கூப்பிட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் போனார். அது திரும்பிப் பார்க்கவில்லை.

நான் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். விரல்கள் இறுகிப் போயிருந்தன. அருள் வந்து ஒவ்வொரு விரலாக விடுவித்தான்.

"முனியாண்டி காப்பாத்திட்டாரு" என்றேன்.

"கர்த்தர் காப்பாத்தினாரு அண்ணே" என்றான்.

ஹாஜியார் மெக்கானிக்கை ஏற்றிக்கொண்டு வேனில் வந்து சேர்ந்தார். பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஆட்களை எண்ணினார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். வண்டிக்கு அடியிலிருந்து மெக்கானிக், "கியர் விழுந்ததால தப்பிச்சீங்க" என்றான்.

யார் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். அருளுக்கும் தெரியும், ஹாஜியாருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரிந்தது ஒன்றாக இல்லை, அவ்வளவுதான். அந்த நேரத்தில் யாருக்கும் அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை. ஹாஜியார் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

5. கோயில் முன்னால்

விஷயம் மறுநாள்தான் பெரிதானது. யாரோ பிடித்த வீடியோ தோட்டத்து ஆட்களின் ஃபோன்களில் சுற்றியது. அதற்குக் கீழே ஆளாளுக்கு எழுதினார்கள். பழம் வைக்க மாட்டேன் என்ற கொண்டக்டரால்தான் பிரேக் போனது என்று ஒருவர் எழுத, அதை இன்னும் பலர் பிடித்துக்கொண்டார்கள். சேவல் தப்பியது அபசகுனம் என்று தலைவர் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவருக்குச் சேவல் போன கோபம், சம்பந்தி வீட்டுக்குக் கைவீசிக்கொண்டு போன வெட்கம் இரண்டும் இருந்தன.

இன்னொரு பக்கம் ஜெப வீட்டில் அருளுக்கும் அதே கதைதான். சிலை வைத்த வண்டியில் வேலை செய்வதால்தான் ஆபத்து வந்தது, வேலையை விடு என்று பாஸ்டர் சொன்னாராம்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"அந்த அண்ணன் சொன்ன ஒரு வார்த்தைக்கு நான் குதிச்சேன், நான் கட்ட போடுவேன்னு நம்பித்தான் அவரு வண்டிய ஒடிச்சாரு, இத விட்டுட்டு எங்கய்யா போறதுன்னு கேட்டேன். வேற வேலை இருந்தா நீங்களே வாங்கித் தாங்கன்னும் சொன்னேன். அதோட பேச்ச மாத்திட்டாரு."

அவன் தன் ஆட்களிடம் பேசிவிட்டான். என் ஆட்களிடம் பேச வேண்டியது நான்.

அடுத்த ஞாயிறு காலை கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். தலைவர் எழும்பி, அருள் கோயிலுக்கு வந்து திருநீறு பூசி, எல்லார் முன்னாலும் ஒரே ஒரு தடவை டயருக்குப் பழம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோட்டத்தில் ஒருவரும் அந்த பஸ்ஸில் ஏறக்கூடாது என்றார். நிறையத் தலைகள் ஆடின. எங்கள் தோட்டத்து ஆட்கள் ஏறாவிட்டால் அந்த பஸ் ஓட முடியாது.

"அது நடக்காது தலைவரே" என்றேன்.

"ஏன்? நீ கேட்டுப் பாத்தியா?"

"கேக்க மாட்டேன்."

தலைவர் என்னைப் புதிதாகப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். எனக்குப் படம் வாங்கிக் கொடுக்கப் பணம் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

"கணேசா, நீ எந்தப் பக்கம்?"

மலை இறக்கத்தில் பிரேக் போனபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை. எங்கள் ஆட்கள் எல்லாம் எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், நான் தனியாக நிற்கிறேன்.

"நான் நம்ம பக்கந்தான். நாளைக்கும் கற்பூரம் காட்டித்தான் வண்டிய எடுப்பேன், சாகிற வரைக்கும் எடுப்பேன். ஆனா அது என் கும்புடு. அவன் கையைப் புடிச்சு வைக்க வச்சா, அது முனியாண்டிக்கு வச்ச பழமா இருக்காது தலைவரே. நமக்கு வச்ச பழமா இருக்கும்."

அப்போதுதான் அருள் வந்தான். நான் வரச் சொல்லவில்லை. கோயில் வாசல் வரைக்கும் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வெளியே நின்றான்.

"பெரியவங்க எல்லாரும் இருக்கீங்க. நான் உள்ள வரல, கோவிச்சுக்காதீங்க. ஒங்க சாமிய நான் எப்பவாச்சும் கொறவாப் பேசியிருந்தா சொல்லுங்க, மன்னிப்புக் கேக்குறேன்."

அப்போது பெண்கள் பக்கமிருந்து லெட்சுமி எழும்பினாள். மேல் பிரிவில் கொழுந்து எடுக்கிறவள். தினமும் என் பஸ்ஸில் வருகிறவள் என்றாலும், அவள் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை.

"அந்தத் தம்பி கொறவாப் பேசினதே இல்ல. தைப்பூசத்துக்கு எங்க வீட்டுக் காவடியப் பதுளைக்குக் கொண்டு போனப்ப, பஸ்ஸு மேல ஏத்தினது அதுதான். கூரையில மீன் பெட்டி இருந்துச்சு. அத எறக்கி, எடத்தத் தொடச்சு, பழைய சாக்குல வைக்காம அது சொந்தச் சட்டைய விரிச்சுல்ல வச்சுக் கட்டுச்சு. ஏன் தம்பின்னு கேட்டேன். 'நான் கும்புடலக்கா, நீங்க கும்புடுறீங்கல்ல'ன்னு சொல்லுச்சு. கோயில் வாசல்ல எறக்குற வரைக்கும் வெறும் பனியனோட டிக்கட் குடுத்துச்சு."

நான் முன் சீட்டில் இருந்ததால் இது எனக்கே தெரியாது. அருளைப் பார்த்தேன். அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்குக் குளிரு வேற" என்று லெட்சுமி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

தலைவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நல்ல மனிதர்தான். இறங்கி வர ஒரு படி வேண்டியிருந்தது, அதை அவரே தேடிக்கொண்டார்.

"சரி. பஸ் வரட்டும். ஆனா ஒண்ணு. ஃபுட்போர்டுல நிக்கிறவங்கள இந்தத் தம்பி ஏசுறது பெரிய ஏச்சா இருக்கு. அதக் கொறைக்கச் சொல்லணும்."

"அது கொறையாது தலைவரே" என்றான் அருள், வாசலில் நின்றபடியே. "விழுந்தா நான்தானே தூக்கணும்."

முதலில் சிரித்தது தலைவர்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள்.

6. கடைசி ட்ரிப்

அதற்குப் பிறகு பல வருடம் ஒரே பஸ்ஸில் ஓடினோம். அவன் மாறவில்லை, நானும் மாறவில்லை. சில விஷயங்களில் அவன் சொல்வது தப்பு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். என்னைப் பற்றியும் அவன் அப்படித்தான் நினைப்பான். மழை நாட்களில் அதையும் பேசியிருக்கிறோம், கோபம் வந்தால் ஒரு ஹோல்ட் தூரத்துக்குப் பேசாமல் இருப்போம்.

புதிதாக வண்டி ஏறும் தம்பிகளுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். கூட வேலை செய்கிறவனிடம் அவன் நம்பிக்கையைப் பற்றிக் கேட்பதென்றால், பதிலைக் கேட்க நேரம் இருக்கும்போது கேளுங்கள். அவன் அதை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று தெரியாமல் பிடுங்கப் பார்த்தால், கையோடு சேர்த்துத்தான் வரும். இன்னொன்று, அவனிடம் நேரில் நல்லவனாக இருப்பது லேசு. நம் ஆட்களுக்கு நடுவில், அவன் இல்லாத இடத்தில், அவனுக்காக ஒரு வார்த்தை சொல்வதுதான் கஷ்டம். அதைச் செய்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

போன வருடம் கண் கொஞ்சம் மங்கத் தொடங்கியதும் வேலையை விட்டேன். கடைசி ட்ரிப், பதுளையிலிருந்து மேலே வருகிறோம். நல்ல வெயில். பாதி வழியில் ஆட்கள் குறைந்ததும் அருள் முன்னால் வந்து எஞ்சின் பக்கத்தில் நின்றான். ஏதோ சொல்ல வருவதும் நிறுத்துவதுமாக இருந்தான்.

"என்னப்பா?"

"ஒங்களுக்காக ஒரு ஜெபம் பண்ணட்டுமா அண்ணே? இத்தன வருசத்துல ஒரு நாளும் கேட்டதில்ல. வேணாம்னா விட்டுருவேன்."

எனக்குக் கண் கலங்கியது. ரோடு தெரியாமல் போய்விடுமோ என்று பயந்து சிமிட்டிக்கொண்டேன்.

"பண்ணுப்பா" என்றேன். "ஆனா நான் கண்ண மூட மாட்டேன். முன்னால வளைவு வருது."

"ஒங்கள யாரு மூடச் சொன்னா?" என்றான் அருள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் கண்ணை மூடினான்.